பசை ஏன் ஒட்டுகிறது? மைதா மாவும் பழைய செய்தித்தாளும் வைத்து ஒரு விளக்கம்

விடுமுறை வந்துவிட்டால் பல வீடுகளில் பழைய செய்தித்தாள், அட்டைப்பெட்டி, காலி டப்பா எல்லாம் கூடத்துக்கு வந்துவிடும். பிள்ளைகளோடு உட்கார்ந்து ஏதாவது செய்யலாம் என்று தொடங்குவோம். கத்தரிக்கோல் கிடைக்கும், வண்ணமும் கிடைக்கும். வேலை சிக்குவது பசையில்தான். ஒட்டிய கைப்பிடி அரை மணியில் கழன்று விழும். நேராக இருந்த அட்டை வளைந்துகொள்ளும். ஆசையாகச் செய்த காகிதக் கிண்ணத்தில் மூன்றாம் நாள் பூஞ்சை பிடிக்கும். உடனே யாராவது ஒருவர் "பசை பத்தல, இன்னும் கொஞ்சம் அப்பு" என்பார்.

பெரும்பாலும் பசை போதாமல் இல்லை. பசை என்ன வேலை செய்கிறது என்பதைத்தான் நாம் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிசுபிசுப்பு கூடினால் பிடிப்பு கூடும் என்கிறோம். தடிப்பாகப் பூசினால் உறுதி கூடும் என்கிறோம். இரண்டுமே தவறு. இதைப் புரிந்துகொள்ள ஆய்வகம் தேவையில்லை. கொஞ்சம் மைதா, தண்ணீர், அடுப்பு, நேற்றைய செய்தித்தாள் இருந்தால் போதும். புரிந்துவிட்டால் கடையில் எந்தப் பசையை வாங்குவது, எதை வீட்டிலேயே காய்ச்சிக்கொள்வது, எதை ஒட்ட முயன்றால் வீண் வேலை என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

## தேன் ஏன் பசை ஆகவில்லை

ஒரு விரலில் தேனும் இன்னொரு விரலில் ஃபெவிகால் மாதிரியான வெள்ளைப் பசையும் தொட்டுப் பாருங்கள். தேன்தான் அதிகம் பிசுபிசுக்கும். இப்போது இரண்டு காகிதத் துண்டுகளைத் தேனாலும், வேறு இரண்டை வெள்ளைப் பசையாலும் ஒட்டி ஒரு இரவு விட்டுவிடுங்கள். காலையில் தேன் தடவிய காகிதங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு வரும். வெள்ளைப் பசையில் ஒட்டியதைப் பிரிக்க முயன்றால் காகிதமே கிழியும்.

ஏன் இப்படி? பசைக்கு இரண்டு வேலைகள் உண்டு. முதலில் அது திரவமாக இருந்து, ஒட்டவேண்டிய பரப்பின் மேடுபள்ளம் முழுவதும் பரவ வேண்டும். பிறகு அதே இடத்தில் இறுகித் திடமாக வேண்டும். தேன் முதல் வேலையை நன்றாகச் செய்கிறது. இரண்டாவது அதனால் ஆகாது. அதிலுள்ள சர்க்கரை தண்ணீரை விடாமல் பிடித்து வைத்திருப்பதால் அது சாதாரண வெயில், காற்றில் காய்ந்து இறுகுவதில்லை.

கடலை மிட்டாயைப் பாருங்கள். வெல்லப்பாகு சூட்டில் ஓடுகிறது, ஒவ்வொரு கடலைப் பருப்பையும் சுற்றிக்கொள்கிறது, ஆறியதும் இறுகுகிறது. இரண்டு வேலையும் நடந்துவிட்டதால் பாகு அங்கே முழுமையான பசை. மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு மிட்டாய் நமத்துப் போகும். அப்போது விரலில் அதிகம் ஒட்டும், ஆனால் எளிதாகப் பிய்ந்து வரும். பிசுபிசுப்பு கூடும்போது பிடிப்பு குறைகிறது என்பதற்கு இதைவிடச் சுவையான சாட்சி வேண்டாம்.

இதில் ஒரே விதிவிலக்கு செல்லோடேப் வகை. அதிலுள்ள பசை எப்போதுமே காய்வதில்லை. மெதுவாக ஓடும் அளவுக்கு மென்மையாகவும், சட்டென்று பிய்ந்துவிடாத அளவுக்குக் கெட்டியாகவும் அதைத் தயாரித்திருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எல்லாப் பசையும் பிசுபிசுப்பால் ஒட்டுகிறது என்ற எண்ணம் நமக்குள் புகுந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பசை முதலில் ஓட வேண்டும், பிறகு இறுக வேண்டும். இனி ஒவ்வொரு வேலையாகப் பார்ப்போம்.

## முதல் வேலை: நனைப்பது

கைக்கு வழவழப்பாகத் தெரிகிற காகிதம்கூட உருப்பெருக்கியில் மேடும் பள்ளமுமாக, நார்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பதாகத் தெரியும். இரண்டு காகிதங்களை எவ்வளவு அழுத்தினாலும் அவை உண்மையில் தொட்டுக்கொள்வது சில மேட்டு நுனிகளில்தான். ஒரு பொருளின் மூலக்கூறு இன்னொன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டுமானால் இரண்டும் மிக மிக அருகில் வர வேண்டும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு நானோமீட்டர். அதிலும் மூன்றில் ஒரு பங்கு நெருக்கம் வேண்டும். திடப்பொருள் இரண்டை வெறுமனே அழுத்தி அந்த நெருக்கத்தைக் கொண்டுவர முடியாது. திரவம்தான் பள்ளங்களில் இறங்கி இடைவெளியை அடைக்கும். அப்படி ஒரு திரவம் ஒரு பரப்பில் தயங்காமல் பரவிப் படிவதை நனைத்தல் என்பார்கள்.

எல்லாத் திரவமும் எல்லாப் பரப்பையும் நனைப்பதில்லை. பிள்ளைகளை விட்டே சோதிக்கலாம். செய்தித்தாள், கழுவிய எவர்சில்வர் தட்டு, எண்ணெய் தடவிய தட்டு, வெட்டி விரித்த பால் பாக்கெட் ஆகிய நான்கின் மேலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். செய்தித்தாள் உறிஞ்சிக்கொள்ளும். சுத்தமான தட்டில் சொட்டு தட்டையாகப் படியும். எண்ணெய்த் தட்டிலும் பால் பாக்கெட்டிலும் குமிழாக எழும்பி நிற்கும்.

தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதைப் பள்ளிப் பாடநூல் ஓரினக் கவர்ச்சி என்கிறது. தண்ணீருக்கும் தட்டுக்கும் இடையிலான இழுப்பு வேறினக் கவர்ச்சி. வேறினக் கவர்ச்சி போதுமான அளவு இருந்தால் சொட்டு பரவும். இல்லையென்றால் தன்னைத்தானே பிடித்துக்கொண்டு குமிழாகிவிடும். மைதாப் பசையும் வெள்ளைப் பசையும் தண்ணீரில் கரைந்தவை அல்லது தண்ணீரில் மிதப்பவை. ஆகவே தண்ணீர் குமிழாக எழும்புகிற பரப்பில் அவையும் பரவிப் பிடிக்காது.

காலி தண்ணீர் பாட்டிலில் வண்ணக் காகிதம் ஒட்டினால் இரண்டு நாளில் தோலாக உரிந்து வருவது இதனால்தான். பசையை மாற்றி மாற்றி வாங்குவதற்கு முன் பரப்பைக் கவனியுங்கள். முதலில் சோப்புப் போட்டுக் கழுவி எண்ணெய்ப் பசையைப் போக்குங்கள். பிறகு உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். கீறல்களுக்குள் பசை இறங்கி இறுகும்போது கொக்கி மாட்டிய பிடிப்பு கிடைக்கும். அதைவிட எளிய வழி, பாட்டிலைச் சுற்றிக் காகிதத்தை முழு வட்டமாகக் கொண்டுவந்து, காகிதத்தின் முனையைக் காகிதத்தின் மேலேயே ஒட்டிவிடுவது. அப்போது பிளாஸ்டிக்கோடு போராட வேண்டியதே இல்லை.

## மாவு எப்படிப் பசையாகிறது

இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் நம் அடுப்படியில் தினமும் நடப்பது இது.

மைதாவில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து. குளுக்கோஸ் என்ற சிறு சர்க்கரை மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலியானால் அதுதான் ஸ்டார்ச். சிறு அலகுகள் திரும்பத் திரும்பக் கோத்த இப்படிப்பட்ட நீண்ட சங்கிலிக்குப் பாலிமர் என்று பெயர். இனி இந்தக் கட்டுரையில் வருகிற எல்லாப் பசையும் ஏதோ ஒரு பாலிமர்தான்.

பச்சை மாவில் இந்தச் சங்கிலிகள் இறுக்கிச் சுற்றிய நூல்கண்டுகளாகக் கிடக்கின்றன. நூல்கண்டைத் தண்ணீரில் போட்டால் நனையும், ஆனால் அவிழாது. மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்தால் பால் வெள்ளையாக இருப்பதும், கொஞ்ச நேரத்தில் மாவு அடியில் தங்கிவிடுவதும் அதனால்தான். சூடாக்கினால் கதை மாறுகிறது. ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸ் வந்ததும் கண்டுகளுக்குள் தண்ணீர் புகுகிறது. அவை ஊதி, முடிச்சு தளர்ந்து, கடைசியில் நூல் வெளியே வருகிறது. வெளியே வந்த நூல்கள் தண்ணீரெங்கும் பரவி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்போதுதான் கரண்டிக்குக் கனம் தட்டுகிறது, வெள்ளை நிறம் மங்கி ஒரு பளபளப்பு வருகிறது. கூழ் காய்ச்சும்போதும் ராகிக் களி கிண்டும்போதும் "பதம் வந்துடுச்சு" என்று சொல்வது இந்தக் கணத்தைத்தான். வேதியியலில் இதற்குக் களியாதல் என்று சொல்லலாம்.

சோற்றுப் பருக்கையை நசுக்கிக் கடித உறையையும் பட்டத்தையும் ஒட்டிய தலைமுறை இதைப் பெயர் தெரியாமலே பயன்படுத்தியது. கஞ்சி போட்ட வேட்டி மொடமொடவென்று நிற்பதும் இதே சங்கிலிகள் பருத்தி இழைகளின் மேல் காய்ந்து இறுகுவதால்தான். சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கும் ஸ்டார்ச் ஜவ்வரிசிக்கு மட்டுமல்ல, நூலுக்குக் கஞ்சி போடவும் பசை தயாரிக்கவும் போகிறது.

இப்போது ஒரு சோதனை. ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீரில் குழைத்த மைதா. இன்னொன்றில் காய்ச்சிய மைதாப் பசை. இரண்டு விரல் அகலக் காகிதக் கீற்றுகளை வெட்டி, முனையோடு முனை கொஞ்சம் ஏற்றி வைத்து, சில கீற்றுகளைப் பச்சை மாவாலும் சிலவற்றைக் காய்ச்சிய பசையாலும் ஒட்டி மறுநாள் பிய்த்துப் பாருங்கள். பச்சை மாவும் ஒட்டும். மைதாவில் உள்ள புரதம் கொஞ்சம் பிடித்துக்கொடுக்கும். ஆனால் பிரிக்கும்போது பல இடங்களில் வெள்ளைப் பொடியாக உதிரும். காய்ச்சிய பசையில் ஒட்டியதைப் பிரித்தால் காகிதம்தான் கிழியும்.

பிரிந்த இடத்தை உற்றுப் பாருங்கள், அதில் முக்கால் பாடம் இருக்கிறது. பசை ஒரு பக்கத்திலிருந்து சுத்தமாக உரிந்து வந்தால் நனைத்தல் சரியில்லை, பரப்பைத்தான் கவனிக்க வேண்டும். இரண்டு பக்கத்திலும் பசை ஒட்டியிருந்து நடுவே பிளந்திருந்தால் பசையே பலவீனம்: மாவு வேகவில்லை, அல்லது பூச்சு தடிப்பு, அல்லது இன்னும் காயவில்லை. காகிதம் கிழிந்திருந்தால் பசை தன் வேலையை முடித்துவிட்டது, அதற்குமேல் வலுவான பசை வாங்குவதில் பயனில்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளைகள்கூட இந்த மூன்றையும் சட்டென்று பிரித்துச் சொல்லிவிடுவார்கள். அடுத்தமுறை ஏதாவது கழன்றால் "பசை சரியில்லை" என்று சொல்லாமல் எங்கே கழன்றது என்று பார்க்கத் தொடங்குவார்கள்.

### காய்ச்சும் முறை

அரை டம்ளர் மைதாவை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். வேறு பாத்திரத்தில் இரண்டு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, தீயைக் குறைத்து, கரைசலை மெல்ல ஊற்றிக்கொண்டே கிண்டுங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் பளபளப்பு வரும். இறக்கி ஆறவிடுங்கள், ஆற ஆற இன்னும் கெட்டியாகும். கொதிக்கிற பசை கையில் பட்டால் வழிந்து போகாமல் ஒட்டிக்கொண்டு சுடும். அதனால் காய்ச்சுவது பெரியவர் வேலை.

மாவை ஏன் முதலில் பச்சைத் தண்ணீரில் கரைக்க வேண்டும்? உலர்ந்த மாவைக் கொதிநீரில் கொட்டினால் ஒவ்வொரு குவியலின் வெளிப்பக்கமும் உடனே வெந்து தோலாகிவிடும். உள்ளே தண்ணீர் போகாது. கட்டி தட்டுவது இப்படித்தான்.

இந்தப் பசை அன்றன்று செய்து அன்றன்று தீர்ப்பதற்கானது. ஆறிய பிறகு அவிழ்ந்த நூல்கள் மெல்ல மறுபடி நெருங்கி அடுக்கிக்கொள்ளும், இடையிலிருந்த தண்ணீரை வெளியே தள்ளும். மறுநாள் பசையின் மேல் தண்ணீர் நிற்பதும், குளிர்பெட்டியில் வைத்த சோறு விறைப்பதும் ஒரே காரணத்தால். புளித்த வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புத்தகம் கட்டுபவர்களும் சுவரொட்டி ஒட்டுபவர்களும் பூச்சி வராமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. நீல நிறத்தில் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது காப்பர் சல்பேட், வயிற்றுக்குள் போனால் நஞ்சு. பிள்ளைகள் கைவைக்கிற பசையில் அது வேண்டவே வேண்டாம். நான்கைந்து சொட்டுக் கிராம்பு எண்ணெய் விட்டால் பூஞ்சை வருவது தள்ளிப்போகும்.

## இரண்டாம் வேலை: இறுகுவது

ஒட்டிய காகிதத்திலிருந்து தண்ணீர் வெளியேறும்போது என்ன நடக்கிறது? ஸ்டார்ச் சங்கிலி நெடுகிலும் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்த சிறு பிடிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. காகித நார் செல்லுலோஸ் என்ற பாலிமர், அதுவும் குளுக்கோஸ் சங்கிலிதான், அதிலும் அதே பிடிகள். ஈரமாக இருக்கும்போது இந்தப் பிடிகளைத் தண்ணீர் மூலக்கூறுகள் ஆக்கிரமித்திருக்கும். தண்ணீர் போகப் போக ஸ்டார்ச்சும் காகித நாரும் நேருக்கு நேர் பிடித்துக்கொள்கின்றன. இந்தப் பிடிக்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். தனித்தனியாக ஒவ்வொன்றும் பலவீனமானது. கோடிக்கணக்கில் சேரும்போது காகிதம் கிழிந்தாலும் விடாது.

மறுபடி நனைத்தால் தண்ணீர் திரும்பி வந்து அந்த இடங்களைப் பிடித்துக்கொள்ளும், ஒட்டு விட்டுவிடும். இதைக் குறை என்று சொல்வார்கள். என் கணக்கில் இது பெரிய குணம். பழைய ஓவியங்களையும் ஆவணங்களையும் பழுதுபார்க்கும் அருங்காட்சியகங்களில் இன்றும் கோதுமை ஸ்டார்ச் பசையை விரும்பிப் பயன்படுத்துவது இதற்காகத்தான். நாளைக்கு வேறொருவர் வந்து, ஈரப்படுத்தி, மூலக் காகிதத்துக்குச் சேதமில்லாமல் பிரித்துவிடலாம்.

பூச்சு ஏன் மெல்லியதாக இருக்க வேண்டும் என்பது இப்போது புரிந்திருக்கும். தடிப்பாகப் பூசினால் நடுவிலுள்ள தண்ணீர் வெளியேற வழியில்லை. ஓரங்கள் இறுகிவிடும், நடுப்பகுதி நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். காயும்போது பசை சுருங்கும் என்பதால் தடித்த அடுக்கில் வெடிப்பும் விழும். மெல்லிய பூச்சு, இரண்டு பக்கமும் நெருக்கமாகப் படிய ஒரு அழுத்தம், பிறகு பொறுமை. இந்த மூன்றையும் சேர்த்துச் செய்தால் அரை டம்ளர் மைதாவில் ஒரு நாள் முழுவதும் விளையாடலாம்.

அட்டை வளைவதற்கும் தண்ணீரே காரணம். காகித நார் ஈரத்தில் நீளவாக்கில் கொஞ்சமாகவும் அகலவாக்கில் நிறையவும் பருக்கும். ஒரு முகத்தில் மட்டும் பசை பூசி ஒட்டினால் அந்த முகம் பருத்து, பிறகு காய்ந்து சுருங்கும்போது அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஒட்டியதும் இரண்டு பக்கமும் உலர்ந்த தாள் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, காயும்வரை விட்டுவிடுங்கள். எடுத்துப் பார்க்கும் ஆர்வத்தை அடக்குவதுதான் பிள்ளைகளுக்குக் கஷ்டம்.

பூஞ்சை வராமலிருக்க உப்புப் போடச் சொல்வார்கள். கோயம்புத்தூர் வெயிலில் அது பலிக்கலாம். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் நான் உப்பைப் பரிந்துரைக்க மாட்டேன். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் உப்புக் கிண்ணம் நீர்த்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். காய வேண்டிய பொருளுக்குள் அதையே போட்டு வைப்பது நல்லதல்ல. மின்விசிறிக் காற்றே சிறந்த மருந்து.

சுருக்கமாக: நனைக்கும்போது தண்ணீர் நமக்கு நண்பன், அதற்குப் பிறகு அது முழுவதுமாக வெளியே போயாக வேண்டும். ஒட்டும் பொருள்களில் ஒன்றாவது தண்ணீரை வெளியே விடும் தன்மையோடு இருந்தால்தான் இந்தப் பசைகள் வேலை செய்யும். பிளாஸ்டிக் மூடியைப் பிளாஸ்டிக் டப்பாவோடு வெள்ளைப் பசையில் ஒட்ட முயல்வது வீண் என்பதற்கு இது இரண்டாவது காரணம்.

## கடையில் வாங்கும் வெள்ளைப் பசை

இதுவும் பாலிமர்தான், ஆனால் செடியிலிருந்து வந்ததல்ல. பாலிவினைல் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கை மிக நுண்ணிய துளிகளாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டிருக்கிறார்கள். ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரிட்ஸ் கிளாட்டெ 1912இல் கண்டறிந்த பொருள் இது. நம்மூரில் 1959இல் வந்த ஃபெவிகால் மூலம் தச்சுப் பட்டறைகளில் பரவி, பிறகு பள்ளிப் பைகளுக்குள் நுழைந்தது.

அதன் வெள்ளை நிறம் பசையின் நிறமே அல்ல. மிதக்கிற துளிகள் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீரைக் காகிதம் உறிஞ்சிக்கொண்டதும் துளிகள் நெருங்கி ஒன்றோடொன்று கலந்து ஒரே படலமாகிவிடும். சிதறடிக்கத் துளி இல்லாததால் நிறமும் மறைகிறது. வெள்ளை முழுவதும் போய்க் கண்ணாடியாகத் தெரிந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம், இன்னும் பால் நிறம் தெரிந்தால் தொடாதீர்கள். உள்ளங்கையில் பூசிக் காயவைத்துத் தோலாக உரிக்கும் விளையாட்டு எல்லாப் பள்ளியிலும் உண்டு. அந்த உரிந்த தோல்தான் துளிகள் கலந்து உண்டான படலம்.

மரம், தடித்த அட்டை, துணி ஆகியவற்றுக்கு வெள்ளைப் பசை. காகிதத்தின் மேல் காகிதம் அடுக்கும் வேலைக்கு மைதாப் பசையே போதும், செலவும் குறைவு. நொடியில் ஒட்டும் சிறு குப்பிப் பசையைப் பிள்ளைகள் கையில் தரவே கூடாது. தோலைத் தோலோடு ஒட்டிவிடும், பஞ்சு அல்லது பருத்தித் துணியில் பட்டால் சுடும் அளவுக்குச் சூடும் கிளம்பும்.

## செய்து பார்க்க: செய்தித்தாள் கிண்ணம்

மேலே படித்த எல்லாமே இந்த ஒரு வேலையில் வந்துவிடும். ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து வெளிப்பக்கம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். எண்ணெய் இருக்கும் இடத்தைப் பசை நனைக்காது, பிறகு கழற்ற எளிது. முதல் அடுக்குச் செய்தித்தாளை வெறும் தண்ணீரில் நனைத்துப் பசையில்லாமல் பரப்புங்கள். அதற்குமேல் நான்கைந்து அடுக்குகள் பசையோடு.

காகிதத்தை வெட்ட வேண்டாம், கிழியுங்கள். வெட்டிய விளிம்பு மொட்டையாக இருக்கும். கிழித்த விளிம்பில் நார்கள் பிரிந்து நிற்பதால் பக்கத்துத் துண்டின் மேல் படிந்து பிணையும், மேடு தெரியாது. கிழிக்கும்போது பிள்ளைகளே ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள்: செய்தித்தாள் மேலிருந்து கீழாக நேராகக் கிழியும், பக்கவாட்டில் கோணலாகப் போகும். காகிதம் தயாராகும்போது பெரும்பாலான நார்கள் இயந்திரம் ஓடும் திசையிலேயே படிந்துவிடுவதால் இப்படி. நார் போகும் திசையில்தான் காகிதத்துக்கு வலு அதிகம். ஆகவே ஒரு அடுக்கை நெடுக்காகப் போட்டால் அடுத்ததைக் குறுக்காகப் போடுங்கள்.

இரண்டு அடுக்குப் போட்டதும் நிறுத்தி மின்விசிறிக் கீழ் காயவிட்டு மறுநாள் தொடர்வது நல்லது. ஒரேயடியாக ஐந்து அடுக்கும் போட்டால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை வரும். மொத்தமும் காய்ந்த பிறகு விரலால் தட்டினால் கட்டையான ஓசை கேட்கும். கழற்றி, உள்பக்கத்தையும் ஒரு நாள் காயவிட்டு, விளிம்பைச் சீராக வெட்டி வண்ணம் பூசலாம். மேலே வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து ஒரு கை பூசினால் ராமபாணப் பூச்சியும் கரப்பானும் எளிதில் அண்டாது. ஸ்டார்ச் அவற்றுக்குச் சாப்பாடு என்பதை மறந்துவிட வேண்டாம்.

## அடுப்பு தேவைப்படாத பசை

செய்தித்தாளை ஊறவைத்து வெந்தயத்தோடு சேர்த்து அரைத்து முறத்துக்கு மெழுகுவதும், அதே கூழில் தட்டு, கூடை செய்வதும் நம் ஊர்களில் பாட்டிமார் அறிந்த வேலை. இதில் காய்ச்சுவதே கிடையாது. ஏன் தேவைப்படவில்லை?

வெந்தயத்தை ஊறவைத்தால் சுற்றிலும் கொழகொழப்பு வருமே, அது கேலக்டோமன்னன் என்ற பாலிமர். இந்தச் சங்கிலியின் பக்கங்களில் சிறு சர்க்கரைக் கிளைகள் நெருக்கமாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. கிளைகள் குறுக்கே நிற்பதால் சங்கிலிகள் இறுக்கமாக அடுக்கிக்கொள்ள முடியாது. முதலிலேயே அவிழ்ந்த நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தண்ணீரே அதற்குள் போய்விடும், சூடு வேண்டாம்.

புளியங்கொட்டைப் பசை இதற்கு நேர்மாறு. வறுத்து, தோல் நீக்கி, அரைத்து, நன்றாகக் கொதிக்கவைத்தால்தான் அது பசையாகும். ஆனால் அதன் சங்கிலியின் முதுகெலும்பு பருத்தி, காகிதம் இவற்றின் செல்லுலோஸ் சங்கிலியின் அமைப்பையே கொண்டது. அதனால் துணியையும் காகிதத்தையும் அபாரமாகப் பிடித்துக்கொள்ளும். தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகைமேல் துணி ஒட்ட மரபாகப் புளியங்கொட்டைப் பசையைப் பயன்படுத்தியதற்கும், நெசவில் பாவு நூலுக்கு அந்தக் கஞ்சி போட்டதற்கும் இது பொருந்தி வருகிறது.

வெந்தயக் கூழ் செய்ய, பத்துத் தாள் செய்தித்தாளைச் சிறு துண்டாகக் கிழித்து இரண்டு நாள் தண்ணீரில் ஊறவிடுங்கள், தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். ஒரு கைப்பிடி வெந்தயத்தை ஓர் இரவு ஊறவைத்துத் தனியாக நைசாக அரைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தை மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக, தண்ணீர் தாராளமாக விட்டு அரைத்து, துணியில் பிழிந்து, வெந்தய விழுதோடு பிசையுங்கள். கூழ் கெட்டியாகச் சேரவில்லையே என்று இன்னும் வெந்தயம் சேர்க்கத் தோன்றும். சேர்த்தால் காய அதிக நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

எண்ணெய் தடவிய தட்டின் மேல் விரல் தடிப்பில் பாதிக்கும் குறைவாகப் பரப்பி, ஈரக் கையால் வழித்து, முதல் நாள் நிழலிலும் அடுத்த நாள் முதல் இளவெயிலிலும் காயவிடுங்கள். எடுத்தவுடனே கடும் வெயிலில் வைத்தால் மேல்பக்கம் முந்திச் சுருங்கி வெடிக்கும். ஓரம் தானாகத் தட்டைவிட்டு விலகும்போது கழற்றலாம். அச்சு மை ஊறிய காகிதம் என்பதால் அதில் சாப்பாடு வைக்க வேண்டாம். சாவி, வளையல், பூத்தொடுக்கும் நார், பிள்ளைகளின் வண்ணப் பென்சில் எல்லாம் தாராளமாக வைக்கலாம். மழைக்காலத்தில் மட்டும் சுவரை ஒட்டி வைக்காமல் காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். என்றாவது ஓர் ஓரம் பெயர்ந்தால், அந்த இடத்தை மட்டும் ஈரப்படுத்தி ஒரு உருண்டைக் கூழை அப்பித் தேய்த்துவிட்டால் பழையதும் புதியதும் சேர்ந்தே காயும்.